கௌதமன் அண்ணன் பூட்டிய மன்றம்

ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்காக நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. பேசியவர் கௌதமன் அண்ணனின் தாய்மாமன், எங்கள் புத்தர் மன்றத்தின் தலைவர். "கௌதமன் நம்மள வுட்டுப் பூட்டான்மா, நெஞ்சு வலி" என்று அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "ஞாயித்துக்கெழம நெனவுக் கூட்டம். நம்ம மன்றத்தத் தொறந்து பெருக்கச் சொல்லிட்டேன்" என்றார். அண்ணன் போனதைவிட அந்த மன்றத்துக் கூரைதான் முதலில் கண்முன் வந்து நின்றது. இந்த நினைவுரையை இப்போதும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கான்கிரீட்டையும் பழுதுபார்த்த கான்கிரீட்டையும் உடைக்காமல் சோதிப்பது எங்கள் வேலை. தூணின் ஒரு பக்கம் அவர் கருவியைப் பிடிப்பார், மறுபக்கம் நான். ஒலி ஊடுருவி வர எடுக்கும் நேரத்தை வைத்து உள்ளே விரிசல் உண்டா என்று பார்ப்போம். ஆள் சரியான நச்சரிப்பு! பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வார். "கை நோவுதுண்ணா" என்றால், "நோவட்டும்மா. நாளைக்கு இதுக்கடியில கொழந்தைங்க நிக்கும்" என்பார். அவரோடு சண்டை போடாமல் நான் வீடு திரும்பிய நாள் குறைவு. ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பவரும் அவர்தான்.

போன மழைக்கு முன் மன்றத்து உத்தரத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்தது. ஊரே கூடிப் பூசி வெள்ளையடித்தது. அண்ணன் தம் மகளின் நிச்சயதார்த்தத்தையே அங்கு வைத்துப் பத்திரிகை அடித்துவிட்டார். "சும்மா ஒருவாட்டி பாத்துடலாம்மா" என்று என்னைக் கூட்டிப்போனார். மேற்பரப்பு பலமாகவே இருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் மட்டும் காலிக் குடம் போலக் கேட்டது. ஒலிச் சோதனையும் அதையே சொன்னது. புதுப் பூச்சு பழைய கான்கிரீட்டோடு ஒட்டவே இல்லை. அண்ணன் நேரே மாமாவிடம் போய்ச் சொன்னார்.

"இன்னாடா, சொந்த மன்றத்தையே கொற சொல்றியா?" என்று மாமா கத்தினார்.

"மேல நல்லா கீது மாமா, உள்ள ஒட்டல. நம்ம ஆளுங்கன்னு பாத்து வுழாம இருக்குமா?" என்று சொல்லி, அண்ணன் கதவைப் பூட்டிவிட்டார்.

நிச்சயதார்த்தம் தெருவில் பந்தல் போட்டு நடந்தது. மாமா வரவில்லை, அதன்பிறகு பேசவும் இல்லை. அண்ணன் கலங்கித்தான் போனார். ஆனாலும் மழை வந்தால் போதும், ரயிலிலிருந்தே யாருக்காவது போன் போட்டு, "மன்றத்துக்குள்ள யாரும் போகலியே?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

நேற்று, திறக்க வேண்டாமென்று மாமாவிடம் கெஞ்சினேன். "அவன்கிட்ட பேசாமலே இருந்துட்டேனேம்மா. அவனுக்காகவாச்சும் தொறக்க வேணாமா? ஒரு மணி நேரந்தான், இன்னா ஆயிடப் போவுது?" என்று தேம்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உத்தரத்துக்கு நேர் கீழே நாற்காலிகள் போட்டாகிவிட்டது. அண்ணன் படமும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, உறவுகளே, இதை நான் தெருவில் நின்றுதான் வாசிக்கப்போகிறேன். கேட்கும்போது நீங்கள் உள்ளே இருந்தால் தயவுசெய்து எழுந்திருங்கள். குழந்தைகளை முதலில் அனுப்புங்கள். மாமா, அண்ணன் படத்தை நீங்களே தூக்கிக்கொண்டு வாங்க. வெளியே வைத்து மாலை போடுவோம்.

போயிட்டு வாங்கண்ணா. நீங்க பயந்தது போதும். இனிமே நான் பயந்துக்கிறேன்.