ஒலுவில் துறைமுகத்தில் நெல்

இன்று காலை ஒலுவில் துறைமுகத்தில் நெல் விதைத்துவிட்டேன்.

வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை காசிம் காக்கா, இம்முறை தண்ணீர் விடவேண்டிய வயல்களின் வரைபடம் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

வீரமுனைப் பக்கம் பன்னிரண்டு வயல்களைக் கணினியில் தெரிவு செய்தேன். படத்தை நகர்த்தப் போனபோது கடலில் ஒரு கிளிக் பட்டு, தெரிவு முழுவதும் கலைந்துவிட்டது. அதைக் கவனிக்காமல், பயிர் என்ற இடத்தில் 'நெல்' என்று நிரப்பக் கட்டளை கொடுத்தேன். எதையும் தெரிவு செய்யாவிட்டால் மென்பொருள் படத்திலுள்ள எல்லா இடங்களுக்கும் அதையே நிரப்பிவிடும்.

காக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பள்ளிவாசலும் நெல்லா? துறைமுகமும் நெல்லா?"

"பிழச்சிட்டு காக்கா. கொஞ்சம் பொறுங்க."

நல்லவேளை, சேமிக்கவில்லை. பன்னிரண்டையும் திரும்பத் தெரிவு செய்து, சரியான படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன்.

அவர் போகவில்லை.

"அந்தப் பிழையான படத்திலயும் ஒண்டு தாங்க தங்கச்சி. தண்ணி பிந்திட்டு எண்டு சண்டைக்கு வாறவங்களுக்குக் காட்டலாம். துறைமுகத்துக்கும் பாய்ச்சி முடிக்கணுமே!"

கொடுக்கவில்லை.

ஆனால் திருத்தும் முன் திரையை ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேலை பிந்தியதற்குச் சாட்டு தேவைப்படுபவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள்.