காசிம் காக்காவின் மஞ்சள் கொடி

கடலில் நின்ற தோணியிலிருந்து சமையல்காரப் பண்டாரி கத்தினார்: "தண்டல் மவுத்தாயிட்டாரு!" கரையில் நின்ற தோணி முதலாளி தலை குனிந்தார். துக்கம் என்று நினைத்தோம். நிமிர்ந்தவர், "அப்ப அந்த மஞ்சக் கொடியை எறக்குங்கடா, மூட்டை கரைக்கு வரட்டும்" என்றார். கோட்டைப்பட்டினத்துக்குக் காசிம் காக்கா இறந்த செய்தி வந்தது இப்படித்தான்.

தோணியை நடத்தும் தண்டல் அவர். தோணிக்கும் கரைக்கும் இடையே மூட்டை சுமக்கும் வள்ளத்தில் துடுப்புப் போடுபவன் நான். ஒருமுறை அவர் தலைப்பாகையைத் திருடிப் பாய்மர உச்சியில் கட்டிவிட்டேன். அவர் யாரையும் கேட்கவில்லை. சரக்கு இறக்கும்போது இருந்ததிலேயே கனத்த மூட்டையைக் காட்டி, "தலைப்பா மேல ஏறிருச்சுல்ல? இது ஒன் தலையில ஏறட்டும்டா தம்பி" என்றார். ஊராரே, உங்களில் பலர் அன்று சிரித்தீர்கள்.

ரங்கூன் கப்பல்கள் சண்டையால் நின்றுபோனபின் நமக்கு வடக்கிலிருந்து தோணியில் வருவதுதான் அரிசி. இம்முறை அங்கே ஒரு துறைமுகத்தில் பிடித்த தண்ணீரைக் குடித்துப் பண்டாரிக்கு வாந்திபேதி கண்டது. காக்கா கரைக்கு வராமல் நங்கூரம் பாய்ச்சி, மஞ்சள் நோய்க்கொடி ஏற்றிவிட்டார். முதலாளி எங்கள் வள்ளத்தில் ஏறித் தோணியருகே போய் நின்றார்.

"பின்னால இன்னும் ரெண்டு தோணி வருதுய்யா. அது வந்தா வெலை விழுந்துரும். ஊரே பசியில கெடக்கு, ஒனக்கு எரக்கமே இல்லையா?"

"பசிக்கிற ஊருக்குப் பேதியையும் சேத்து அளக்கச் சொல்றீங்களா, மொதலாளி? அறந்தாங்கி டாக்டர் வரட்டும். அதுவரைக்கும் தண்ணிப் பீப்பா ஒண்ணுகூட அங்கிட்டு வராது."

பண்டாரியைக் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டியவர் அவர்தான். பண்டாரி பிழைத்தார். காக்கா போனார்.

சுண்ணாம்பு தூவி அடக்கியபோது முதலாளி வரவில்லை. மறுநாள் தன் அரிசிக் கிட்டங்கி வாசலில் இரங்கல் கூட்டம் மட்டும் வைத்தார். "கடமை வீரர்" என்று அத்தர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஊர் அவரை வள்ளல் என்கிறது. வள்ளத்துக்கும் வள்ளலுக்கும் கடைசி எழுத்துத்தான் வித்தியாசம்: வள்ளம் மிதக்கும், வள்ளல் மிதிப்பார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பயணத்துக்காகத் தோணியின் பீப்பாய்களை அவருடைய ஆட்கள் சந்தைக் கிணற்றுக்கு உருட்டிப் போனார்கள். ஊரே குடிக்கும் கிணறு. அங்கேயே அலசி, அங்கேயே நிரப்புவது வழக்கம். கூட்டத்தை விட்டு ஓடினேன். கடலில் அவர்கள் வீசியெறிந்த மஞ்சள் கொடியை எடுத்து வைத்திருந்தேன். அதைக் கிணற்று ராட்டினத்தில் கட்டினேன்.

குடத்தோடு வந்தவர்கள் அலறினார்கள். "ஆத்தாடி, கெணத்துக்கும் வந்துருச்சா?"

"வரலத்தா. அந்தப் பீப்பா வந்தா வந்துரும்."

அவ்வளவுதான். குடங்கள் பீப்பாய்க்கு முன்னால் வேலியாக நின்றன. உருட்டி வந்தவர்கள் கிணற்றை நெருங்க முடியவில்லை. முதலாளி மூச்சிரைக்க வந்தார்.

"எவன்டா இதைக் கட்டுனது?"

"காசிம் காக்கா" என்றேன்.

கடமை வீரர் என்று சற்றுமுன் பாராட்டிய வாய், பீப்பாய்களைக் கடற்கரைக்கே திருப்பி உருட்டச் சொன்னது.

மாலையில் வந்த டாக்டர் பீப்பாய்களைக் கடற்கரையிலேயே எரிக்கச் சொன்னார். பண்டாரிதான் தீ வைத்தார், அழுதுகொண்டே. கொடியையும் எரிக்க வேண்டுமா என்று கேட்டேன். கொதிக்க வைத்தால் போதும் என்றார் டாக்டர். வைத்தேன். காயவைத்து, மடித்து, என் வள்ளத்தில் வைத்திருக்கிறேன். முதலாளியின் அடுத்த தோணி வரும்போது தண்டல் யாராக இருந்தாலும் சரி, கொடி தயார்.