மோவாயில் வைத்த விரல்

குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் சட்டென்று இடது பக்கச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை, ஒரு பல்லிகூட இல்லை. "யாரு அக்கா அங்க?" என்றேன். "நான் எங்க பாக்கறேன் கண்ணு, கழுத்து அதுவாப் போகுது" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கத்தி கையில் ஏறிவிட்டது. மஞ்சள்தூளை அப்பிப் பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் அந்த நோய் வந்த விதம் இதுதான்.

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எனக்கு அக்கா. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. மிளகு பறிக்க ஏணியில் ஏறினால் எனக்குக் கால் நடுங்கும். அவள்தான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசி என் பயத்தைப் போக்குவாள். இரண்டே மாதத்தில் அவள் தாடை இடது தோளோடு போய் ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி கழுத்து வலிக்கிறது என்பாள். தூங்கும்போது மட்டும் நேராக இருக்கும். நான்கு வயது மகளுக்குச் சோறு ஊட்டக் கை ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மாமியார் காரணம் தேடினார். அக்காவுக்குக் கழுத்து திரும்புவதற்கு முந்தின மாதம் அவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததால் கழிப்புக் கழித்திருந்தோம். சோற்று உருண்டையையும் எலுமிச்சம்பழத்தையும் நோயாளியின் தலையைச் சுற்றி, முறத்தில் எடுத்துப்போய் முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் போட்டது கூடவே வந்துவிடுமாம். முறத்தை எடுத்துப்போனது அக்கா. அவ்வளவுதான், பிடி கிடைத்துவிட்டது. "திரும்பிப் பாக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! பாத்திருக்கறா. இப்பக் கழுத்தே திரும்பிக்கிச்சு." அக்கா அழுதாள். "சாமி சத்தியமா நான் பாக்கலீங்க அத்தை." அப்படிச் சத்தியம் செய்யும்போதும் அவள் முகம் திரும்பித்தான் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு!

பூசாரி வந்து வேப்பிலையால் அடித்தார். "நேராப் பாரு" என்று இரண்டு பேர் அவள் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினார்கள். அதில் ஒருவர் அவள் புருஷன். அவள் போட்ட கூச்சலைப் பேயின் கூச்சல் என்றார்கள். பேயாவது மண்ணாங்கட்டியாவது! கழுத்து நரம்பு முறுக்கி இழுக்கிறபோது எதிர்ப்பக்கம் பிடித்துத் திருப்பினால் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள்.

அந்த நாட்களில்தான் நான் ஒன்றைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலை மோவாயில் லேசாக வைத்தால் அவள் கழுத்து நேராக நின்றது. அழுத்தவில்லை, தள்ளவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தாள். எடுத்ததும் மறுபடி போய்விட்டது. "ஏன்னு தெரியல கண்ணு, இப்பிடி வெச்சா நிக்குது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு விரலை மோவாயில் வைத்துக்கொண்டு மறுகையால் பாப்பாவுக்கு ஊட்டினாள்.

இவளை வைத்துக்கொள்வதா, தாய்வீட்டுக்கு அனுப்புவதா என்று பேச ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடினார்கள். "ஒரே ஊட்டுல இருக்கறவ, நீ சொல்லு கண்ணு" என்று என்னைக் கேட்டார்கள். பேய் இல்லை என்று காட்டத்தான் நான் வாயைத் திறந்தேன். "பேயெல்லாம் இல்லீங்க. ஒரு வெரல வெச்சாப் போதும், கழுத்து நேரா நின்னுக்குது. பேய் வெரலுக்குப் பயப்படுமுங்களா?" என்றேன். பெரிய கெட்டிக்காரி நான்! செய்து காட்டச் சொன்னார்கள். அக்கா விரலை வைத்தாள், நேரானது. எடுத்தாள், கோணியது. மாமியார் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா? வேணும்னா நேரா வெக்கறா, வேண்டாட்டிக் கோணிக்கறா. வேல செய்ய ஒடம்பு வணங்காம நடிக்கறா!"

அதுவரைக்கும் பேய். அதற்குப் பிறகு நடிப்பு. சிலர் பேய் பிடித்துத்தான் நடிக்கிறாள் என்றார்கள். நாக்கில் நரம்பில்லாதவர்கள் எதை வேண்டுமானாலும் பேசலாம். அவளைத் திருப்புலி நாட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். பாப்பாவைக் கொடுக்கவில்லை. பஸ்ஸின் இடது பக்க ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாப்பா என் இடுப்பில் இருந்தாள்.

ஆறு வருடம் போனது. என் வீட்டுக்காரருக்கு இடுப்புவலி என்று சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வரிசையில் எதிரே ஒரு டீச்சரம்மா, மடியில் கைப்பை, மோவாயில் விரல். விரலை எடுத்தார், கழுத்து வலப்பக்கம் போனது. பக்கத்தில் போய், "ஏனுங்க, இது என்னங்க?" என்றேன். "டிஸ்டோனியாங்க. மூளையில இருந்து தசைக்குத் தப்பான உத்தரவு போகுது, அதுவா முறுக்கிக்கும். ஊசி போட்டுக்கறேன், பரவால்ல" என்றார். ஊருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அடப்பாவிகளா! பேர் வைத்த நோய். ஊசி இருக்கிற நோய். மலையிறங்கி வர எழுபது வளைவுதான், அதற்கு எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை. பூசாரியைத் தேடி மட்டும் ஓடினோம்.

நானே திருப்புலி நாட்டுக்குப் போய் அக்காவை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை அக்காவுக்குக் கழுத்தில் ஊசி போடுகிறார்கள். வலி குறைந்திருக்கிறது, தலை பெரும்பாலும் நேராக நிற்கிறது. ஆனால் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். போன பொங்கலுக்கு அவள் வந்தபோது பத்து வயது தாண்டியும் பாப்பா என் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அது?" என்று என்னிடம் கேட்டாள். அதற்கு ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று மாமியாரிடம் கேட்டேன்.

ஆனாலும் முதல் தடவை டாக்டர் அறையில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "எங்கயாவது தொட்டா நேராகுதாம்மா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "இல்லீங்க. அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அது. நான்தான் அவள் கையை வெளியே எடுத்து, "காட்டுங்கக்கா, இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். விரலை வைத்தாள். கழுத்து நேராக வந்து நின்றது.

டாக்டர் தலையசைத்தார். "இந்த நோய் உள்ளவங்க நெறையப் பேருக்கு இப்பிடித் தொட்டா நிக்கும். இது இந்த நோயோட அடையாளம். இத மொதல்ல யாரு கவனிச்சது?"

"இவதாங்க" என்றாள் அக்கா.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா" என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அக்கா விரலை எடுக்காமல் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.