பெரட்டு வந்த வழி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படித்தவள் நான். இதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வட்டகொடை ரயிலில் பக்கத்தில் உட்காரும் எல்லோரிடமும் அம்மா சொல்லிவிடுவார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். விடிகாலையில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்களத்துக்குக் கிளம்பிய அம்மாவை லயத்து வாசலில் மறித்தேன். பெரட்டுக்களத்தில்தான் கணக்கப்பிள்ளை பேர் பதிந்து ஆட்களை மலைக்கு அனுப்புவார். பிந்திப் போனால் பேர் இல்லை. அன்றைய கூலியும் இல்லை.

"பெரட்டுங்கிறது தமிழே இல்லம்மா. பரேட். கல்லூரியில பெரிய அகராதியில பாத்தேன். இங்கிலீசுக்காரங்களுக்கு அது பிரெஞ்சுலருந்து வந்துச்சு. பிரெஞ்சுக்கு ஸ்பெயின்லருந்து. அங்க, ஓடுற குதிரைய இழுத்து நிறுத்துறதுக்கு அந்தப் பேரு."

"நெசந்தான். நம்மளையும் அப்படித்தான நிறுத்துறாங்க."

"அதுக்கும் முன்னாடி லத்தீன். அதுல தயார் பண்ணுறதுன்னு அர்த்தம்."

"லத்தீன்னா யாரு?"

"அது ஒரு பாஷைம்மா. செத்துப்போச்சு."

"ஐயோ பாவம். புள்ளகுட்டி இருக்கா?"

"பிரெஞ்சும் ஸ்பானிஷும் அதோட புள்ளைங்கதான்."

அம்மா கூடையை இறக்கி வைத்தார். மூத்தது எது, பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். நானும் விடாமல் விளக்கினேன்.

பிறகுதான் பெரட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்.

"வெரட்டிட்டாரு. லத்தீன்காரன் தயாராயிட்டான், நாந்தான் ஆகல."

எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரிக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கணக்கப்பிள்ளைக்கும் மேலதிகாரியான கண்டாக்கையாவிடம் அம்மாவை அழைத்துப் போனேன். தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காரணம் கேட்டார். லத்தீன் வரைக்கும் போய்த் திரும்பினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சரம்மா," என்றார் தமிழில். "நாத்துமேடையில புல்லுப் பிடுங்க ஆள் பத்தல. நீங்களும் கூட நின்னா, அம்மாவுக்குப் பேர் போடச் சொல்றேன்."

நின்றேன். மத்தியானத்துக்குள் சேலை முழங்கால்வரை சேறாகிவிட்டது. அம்மாவுக்குப் பேர் விழுந்தது.

சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:

"எம் மக கண்டாக்கையாகிட்ட லத்தீன்லயே பேசிட்டா. அவரு மறுபேச்சுப் பேசணுமே?"

பக்கத்தில் நகத்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்த நான் அதைத் திருத்தவில்லை.