வயிற்றுக்கு மருந்தென்று கொடுத்தது

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்குக் ‘குக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபம் வந்தால் முதலில் உஸ்ஸென்று மூச்சு விடுவாள். அப்புறம்தான் விசில். காய்ந்து வரும் போர்வையின் இரண்டு முனையையும் பிடித்து அவள் ஓர் உதறு உதறினால் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். “இன்னைக்கு வீட்டுக்காரர் என்ன பண்ணினாரோ, போர்வை அடி வாங்குது” என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

ஆனால் மனசு வெள்ளை. காலையில் சாமியை நினைக்காமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். சமைக்கிற கை சுத்தமாக இருந்தால் சாப்பிடுகிறவன் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வயிறு உப்பி, தோலெல்லாம் தடித்து, தின்றது உடம்பில் ஒட்டாமல் ஆள் துரும்பாகிப் போனார். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, “கோதுமை உங்க உடம்புக்கு ஆகாது. ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் மைதா, ரவை, பிஸ்கட், பன் எல்லாவற்றையும் வாரி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். மாவு படிந்த சல்லடையைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் கொஞ்சம் தெளிந்தார். முழுசாகத் தேறவில்லை. வாரத்தில் பாதி நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? வயிற்றுக் கோளாறுக்குப் பெருங்காயத்தை மிஞ்சின மருந்து இல்லை என்று கேட்டு வளர்ந்தவள். தாளிப்பில் போடுவது போதாதென்று, வெந்நீரில் ஒரு கரண்டித் தூளைக் கலக்கி, சாமி பேரைச் சொல்லிக் குடிக்க வைப்பாள். மறுநாள் வலி கூடும். இவள் இன்னொரு கரண்டி கூட்டுவாள்.

ஒருநாள் வேனைக் கழுவப் போனவள், டிரைவர் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் தூள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாள்.

“இது என்னங்க?”

“பிள்ளைங்க தின்னது. வேன் பூரா வாய்தானே.”

“உங்க சீட்டுக்கு அடியில வந்து தின்னுச்சுங்களா? நான் இங்க பார்த்துப் பார்த்துச் சமைக்கிறேன், நீங்க திருட்டுத்தனமா கடிச்சுக்கிட்டு வர்றீங்க!”

“நான் திருடனா? உன் சமையலைத் தவிர வேற எதையும் நான் தொடல. அதைத் தின்னுதான் செத்துக்கிட்டிருக்கேன். அதுல என்னத்தைப் போடுறியோ!”

அவர் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

போன இடத்தில் தேறிவிட்டார். வயிறு அமுங்கியது, தடிப்பு மறைந்தது. நாத்தனார் போன் பண்ணினாள். “எலும்பும் தோலுமா வந்தான்மா. என் கையால சாப்பிட்டான், கன்னம் வெச்சிருச்சு. சமைக்கிறவ மனசுல அழுக்கு இருக்கக்கூடாது. தம்பி இனிமே இங்கேயே இருக்கட்டும்.”

அன்றைக்குச் சலவைக் கூடத்தில் போர்வை பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

விடுமுறை நாளன்று நேராக நாத்தனார் வீட்டு அடுப்படியில் போய் நின்றாள்.

“நீங்க சமைக்கிறதை நான் பார்க்கணும் அண்ணி.”

“வேவு பார்க்க வந்தியா?”

“ஆமா.”

அதே அரிசி. அதே பருப்பு. எண்ணெய்கூட அதே கடையில் வாங்கினது. கடுகு வெடித்தது, மிளகாய் விழுந்தது. நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பெருங்காயம் போடலையா?”

“அந்த வாடையே எனக்கு ஆகாது. அது இந்த வீட்டு வாசப்படி ஏறினதே இல்ல.”

அவள் அப்படியே வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘சுத்தமானது.’ பின்பக்கம் எறும்புக் காலளவு எழுத்தில் பிசின், அப்புறம் ‘உண்ணத்தக்க மாவு.’ எந்த மாவு? அதைச் சொல்லவில்லை. கீழே இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“சொல்லுங்க மேடம்.”

“உங்க பெருங்காயத்துல என்ன மாவு சேர்க்குறீங்க?”

“உண்ணத்தக்க மாவு மேடம்.”

“உண்ணத்தகாத மாவை யாரும்மா போடுவா? எந்த மாவு?”

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது.

“மைதா மேடம்.”

“மைதா எதுல இருந்து வருது?”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “கோதுமைதான் மேடம். வெறும் காயம்னா பிசுபிசுன்னு ஒட்டும். தூளா உதிர்றதுக்காக பாதிக்கு மேல மாவுதான்.”

“கோதுமைன்னு எழுத உங்ககிட்ட மை தீர்ந்துபோச்சா? மருந்துன்னு நெனச்சு நான் கரண்டி கரண்டியா ஊத்துனேனே!”

“புகாரைப் பதிஞ்சுக்கிறேன் மேடம். வேற ஏதாவது?”

“நீ நாசமாப் போகன்னு சொல்ல வாய் வரல. உனக்கும் வயிறு இருக்கு. உன் முதலாளிகிட்ட சொல்லு, அவனுக்கும் ஒரு வயிறு இருக்குன்னு.”

தன் பிள்ளைக்கும் புருஷனுக்கும் ஒருத்தி நம்பிப் போடுகிற பொருளில் இப்படி ஒளித்து வைக்கிறவனைச் சாமி மன்னிக்கலாம். அவளுக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்கு எரிந்தது.

மறுபடியும் நாத்தனார் வீடு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“கடைசியில நீதானே கொடுத்திருக்கே?” என்றாள் நாத்தனார்.

“நான்தான் கொடுத்தேன். தெரியாமக் கொடுத்தேன். ஆனா மனசுல அழுக்குன்னு சொன்னீங்களே அண்ணி, அதை நீங்க திருப்பி எடுத்துக்கணும்.”

நாத்தனார் சோற்றுப் பானையைக் கிளறப் போனாள். நன்றாக இருந்த சோறு, கிளற வேண்டியதே இல்லை.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு. ஒத்துக்கிறேன். ‘என்னத்தைப் போடுறியோ’ன்னு கேட்டீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோபத்துல வந்திருச்சு. அப்படிக் கேட்டிருக்கக்கூடாது.”

“கூடாதுதான்.”

அவர் எழுந்து கை கழுவினார். பையை எடுத்து வந்து வாசலில் நின்றார். “உன்கூட வரட்டுமா?”

“வாங்க. ஆனா இன்னைக்கு பூரா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

தெருமுனை தாண்டவில்லை, திட்ட ஆரம்பித்துவிட்டாள். பொடி எழுத்தில் தொடங்கி, ‘சுத்தமானது’ என்று அச்சடித்தவன் வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை.

அவர் மெதுவாகக் கேட்டார். “பேசமாட்டேன்னு சொன்னியே?”

“உங்ககிட்ட யாரு பேசுறா? நான் கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டு வர்றேன். பேசாம நடங்க.”