காயாத சிவப்பு

மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டும் டர்பன்டைனும் பிச்சிப்பூவும் ஒன்றாகக் கலந்தால் என்ன வாசனை வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். என் அத்தையின் கல்யாணக் காலையில் நெய்யூரில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்க அந்த வாசனைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வாசனைக்குக் காரணமான காரின் மேல் உயிரையே வைத்திருந்தேன்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மேல்மூடியை மடக்கிவிட்டு முகத்தில் காற்றடிக்கப் போகிற பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். மலையோரத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்திருந்த சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, பார்த்த அன்றைக்கே விலைபேசிக் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார். அதன் நிறம் வெளிறிய பச்சை. அது ஒன்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மாதத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. பன்னிரண்டில் ஒன்பது சிவப்பு. பந்தயத்தில் இத்தாலிக்காரன் சிவப்பு, இங்கிலாந்துக்காரன் பச்சை, பிரெஞ்சுக்காரன் நீலம் என்று நாட்டுக்கொரு நிறம் வைத்திருந்தார்கள் என்றும், கடைசியில் ஜனங்களின் மனதில் நின்றது சிவப்புதான் என்றும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் விளக்குவார். "பச்சைக் காரு ஓடும் மக்கா. செவப்புக் காரு நின்னாலே ஓடுத மாதிரி இருக்கும்" என்பார்.

அப்பாவுக்கு இதெல்லாம் கிறுக்குத்தனம். "செவப்புன்னா ஒண்ணு தீயணைப்பு வண்டி, இல்லேன்னா தபால்பெட்டி. கல்யாணப் பொண்ணு ஏறுவாளா அதுல?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ மணப்பெண் வெள்ளைச் சேலை உடுத்து, முக்காட்டு வலை போட்டு, வெள்ளைக் காரில் ஆலயத்துக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் கடைக்குட்டித் தங்கையைச் சிவப்புக் காரில் கொண்டுபோய் இறக்குவேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். நானோ, பூக்கூடை ஏந்தும் பிள்ளை என்ற முறையில் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அந்தக் காரில்தான் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

எஞ்சினைச் சரிசெய்யவே மாதங்கள் போய்விட்டன. கல்யாண வாரத்தில் போய்க் கேட்டால் நாகர்கோவில் பட்டறைக்காரர் பெயிண்ட் அடிக்கப் பத்து நாள் ஆகும் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு, கடலைத் தாங்குகிற பெயிண்ட் எதையும் தாங்கும் என்று. கேட், கட்டில், கக்கூஸ் கதவு எல்லாவற்றுக்கும் வள்ளத்துப் பெயிண்ட்தான். சித்தப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு குளச்சலுக்குப் போனார். கடைக்காரர், "கடலுக்கே அசையாத சாதனமாக்கும். ஆனா நாலு நாளு நல்ல வெயிலு வேணும், கேட்டியளா?" என்றார். சித்தப்பா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். ஆவணி பிறந்தும் சாரல் விட்டபாடில்லை. பிரஷ் வைத்து அவரே இரண்டு பூச்சு பூசினார். அப்பப்பா, என்ன சிவப்பு அது!

கல்யாணக் காலையில் காரில் பிச்சிப்பூச் சரம் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, கதவைத் தொட்டுப் பாரு. ஒட்டுதா?"

தொட்டேன். ஒட்டியது. என் விரல் ரேகை அப்படியே கதவில் பதிந்தது. ஒட்டுகிறது என்று சொன்னால் வாடகை வெள்ளைக் காருக்கு ஆள் போகும். விரலைப் பாவாடையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டு, "காஞ்சாச்சு சித்தப்பா" என்றேன்.

ஆலய வாசலில் கூட்டமே திரண்டு வந்து காரைப் பார்த்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருக்கும், கதவில் சாயாமல் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது. அத்தை இடுப்பைச் சாய்த்து எழுந்தாள். வெள்ளைச் சேலையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே சிவப்பு. "ஐயோ, என்ன பிள்ளே இது" என்று யாரோ அலறினார்கள். அத்தை அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். கல்யாணம் நின்றுபோகும், நான் சொன்ன பொய்யால் நிற்கும் என்றே நம்பினேன்.

அப்பா என் பக்கம் திரும்பி, "நீதானே தொட்டுப் பாத்த?" என்று கேட்டு முடிப்பதற்குள் சித்தப்பா குறுக்கே வந்தார். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. தொட்டுப் பாத்தது நானாக்கும்." எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து எனக்கு அழுகை பொங்கியது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பூதப்பாண்டிப் பக்கத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. கறையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அத்தையின் தோளைப் பிடித்தார். "எதுக்கு மக்கா அழுவ? தாலி கெட்டின பொறவு நாங்க கொண்டுவந்த சேலையத்தானே மாத்தப் போற? ஒரு மணிக்கூர் முன்னாடியே உடுத்துக்க, அவ்வளவுதானே" என்றார். போதகரைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க" என்று காட்ட வலது கையைத் தூக்கினார். நான்கு விரல் நுனியும் சிவப்பு! அவரும் காரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் அத்தைதான் கண்ணீரோடு சிரித்தாள். பிறகு பார்த்தால் பாதிப் பேர் கையில் சிவப்பு, நாலைந்து வேட்டியிலும் சிவப்பு. மயில்கழுத்து நிறப் பட்டில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தக் காரைப் பல வருஷங்களுக்கு முன்பே களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது எங்கள் சாலையில் வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை. சித்தப்பாவின் காரும் வெள்ளைதான். போன மாதம் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று கன்னியாகுமரிக்கு வந்தபோது அவரைக் கூட்டிப்போனேன். எல்லா நிறமும் நின்றன, கூட்டம் மட்டும் சிவப்பைச் சுற்றி. இத்தனை வருஷமும் மனதில் கிடந்ததை அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன்: "சித்தப்பா, அன்னைக்கு பெயிண்ட் ஒட்டிச்சு. நான் பொய் சொன்னேன்."

"தெரியுமே" என்றார் அவர், சிவப்புக் காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன்னைக் கேக்கதுக்கு முன்னாடியே நான் தொட்டுப் பாத்தேம்லா. எனக்கும் ஒட்டிச்சு."

இறங்கியது பாருங்கள் ஒரு பாரம், சிரிப்பதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. "அப்போ என்னைய ஏன் கேட்டிய?" என்றேன்.

"யாராவது ஒருத்தர் காஞ்சாச்சுன்னு சொல்லணும்லா மக்கா."