சங்கு ஊதினால் சோறு

மலைமேல் சங்கு ஊதியதும் என் அக்கா சோற்றுப் பானையின் மூடியைத் திறப்பாள். சனிக்கிழமை நண்பகல் என்றால் அதுதான் வழக்கம். உலு லங்காட் பக்கம், காடு தொடங்கும் இடத்தில் ஓடும் ஓர் ஆற்றின் கரையில், தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தாள். கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வார இறுதியில் குடும்பம் குடும்பமாகக் குளிக்க வருபவர்கள், சங்கைக் கேட்டதும் ஈரம் சொட்டச் சொட்ட அவள் கடையைச் சூழ்ந்துகொள்வார்கள். பாதிப் பேர் தட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் போய் ஆற்றுக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மீன் கறியும் நெத்திலிச் சம்பலும் அப்படிச் சாப்பிட்டால்தான் ருசி என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆலைச் சங்குபோல அலறும் அந்த மின்சாரச் சங்கு எதற்காக ஊதுகிறது என்று யாரும் கேட்டதில்லை. அக்கா கடைக்கு மணியடிக்க மலைமேல் ஆள் வைத்திருப்பதுபோலத்தான் எல்லோரும் இருந்தோம்.

முதலில் கேட்டவர் மேடம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் நான் ஓட்டுநராக இருந்தபோது, அணைகளைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர் அவர். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். காரில் ஏறியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார், இறங்கியதும் யாரையாவது திட்டத் தொடங்குவார். பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் அஞ்சாதவர் காட்டு அட்டைக்கு மட்டும் நடுங்குவார். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் அட்டைகளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடப்பார். அந்தப் பயத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவரிடம் பிடிப்பு உண்டானது என்று நினைக்கிறேன்.

அந்த ஆற்றின் மேலே ஒரு சிறிய அணை உண்டு. ஈயச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் மின்சாரத்துக்காக வெள்ளைக்காரர்கள் கட்டியது. ஈயமும் போயிற்று, வெள்ளைக்காரர்களும் போனார்கள், அணை மட்டும் பாசி பிடித்த சுவரோடு நின்று கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்க ஒரு சனிக்கிழமை மேடத்தை அழைத்துப் போனேன். போகும் வழியில், பசிக்கிறது என்றார். அக்கா கடையில் வண்டியை நிறுத்தினேன். தட்டில் சோறு விழுந்த நேரம் சங்கு ஊதியது. ஆற்றிலிருந்தும் பாறைகளிலிருந்தும் ஆட்கள் கடையை நோக்கி வந்தார்கள். மேடம் கையில் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை.

"அண்ணே, இந்தச் சங்கு எதுக்கு ஊதுதுன்னு தெரியுமா?"

"சாப்பாட்டுக்கு, மேடம்," என்றேன்.

அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. மதகைத் திறக்கும்முன், கீழே இருப்பவர்கள் கரையேறிவிட வேண்டும் என்பதற்காக வைத்த சங்கு அது. பழுதில்லாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை நேரம்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. "மேட்டுக்கு ஓடுங்கன்னு ஊதற சங்குக்கு, இவங்க தட்டத் தூக்கிக்கிட்டு தண்ணிக்கிட்ட வராங்கண்ணே," என்றார். நான் திரும்பி ஆற்றைப் பார்த்தேன். தண்ணீருக்கு மிக அருகில் இருந்தது என் அக்காவின் கடை.

மேடம் முதலில் முறைப்படிதான் எல்லாம் செய்து பார்த்தார். நான்கு மொழிகளில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொன்னார். அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள். சோதனை நேரத்தை மாற்றச் சொன்னார். சங்கு ஊதியும் சோறு வேகவில்லையா என்று அக்காவிடம் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் நேராக அக்காவிடமே வந்தார். சங்குக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை இனி யாராலும் பிரிக்க முடியாது, ஆகையால் சோற்றை மேலே கொண்டு போய்விடுங்கள் என்றார். சாலையோரம், மேட்டில், ஒரு பலா மரத்தடியில் இடமும் பார்த்து வைத்திருந்தார்.

"தண்ணியில கால வச்சிக்கிட்டு சாப்பிடத்தான் இங்க வராங்க. அங்க மேல யாரும்மா ஏறி வருவா? எங்க பொழப்புல மண்ணப் போடாதீங்க," என்றாள் அக்கா. மாமா இறந்த பிறகு அந்தக் கடையை நம்பித்தான் அவள் வீடு ஓடிக்கொண்டிருந்தது. மேடம் விடவில்லை. அலுவலக வேலை இல்லாத சனிக்கிழமைகளிலும் என்னை இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு அக்காவோடு வாதாடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மத்தளம்போல இரு பக்கமும் அடி வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் அணையை மூடிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. இவ்வளவு குறைந்த மின்சாரத்துக்காக ஆளும் பராமரிப்பும் வீண் என்றார்களாம். கூட்டம் முடிந்து காரில் ஏறிய மேடம் அன்று தூங்கவில்லை. "இடிக்கறதுன்னா முறையா இடிக்கட்டும், வேணாங்கல. அத செய்யாம, மிஷின நிறுத்திட்டு சும்மா போயிடலாங்கறாங்கண்ணே. வேலை செய்யற அணையில ஆள் இருப்பாங்க. குப்பை அடைச்சா எடுப்பாங்க, சுவர்ல கசிஞ்சா பாப்பாங்க, மழை பேஞ்சா சங்க ஊதுவாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா தண்ணி மட்டும் அங்கேயே நிக்கும் லா. அத யாரு பாக்கறது?" அணை என்றால் மின்சாரத்துக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மின்சாரத்தை நம்பித்தான் மலைமேல் ஓர் ஆள் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அன்று புரிந்தது. மேடம் எங்கெங்கோ போய் யார் யாரிடமோ கத்தினார். பழைய மிஷினைப் பழுதுபார்த்து ஓட்டுவது என்று முடிவாயிற்று.

அக்காதான் மசியவில்லை. ஒரு நாள் மேடம் வாதத்தை விட்டுவிட்டு, "அக்கா, என்கூட ஒரு தடவ மேல வந்து பாருங்க, போதும்," என்றார். இத்தனை வருடம் அந்த ஆற்றோரம் பிழைத்தும் அவள் அணையைப் பார்த்ததே இல்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். வழியில் மேடத்தின் கழுத்தில் ஓர் அட்டை ஏறிவிட்டது. கத்திய மேடத்தைப் பிடித்து நிறுத்தி, வெறும் விரலால் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

அணைச் சுவரின் மேலிருந்து பார்த்தோம். ஒரு பக்கம், கைநீட்டித் தொடும் உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மறு பக்கம், வெகு ஆழத்தில், மரங்களுக்கு நடுவே அவளுடைய தகரக் கூரை மின்னியது. அக்கா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "இவ்வளவு தண்ணியும் எங்க தலைக்கு மேலயா இருந்திச்சு?" என்றாள்.

அடுத்த வாரம் கடை பலா மரத்தடிக்குப் போயிற்று. முதல் சில வாரங்கள் சோறு மிஞ்சியது, அக்கா மேடத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு பசி வேலை செய்தது. சங்கு ஊதினால் மேட்டுக்கு ஏற வேண்டும், அங்கேதான் சோறு என்று ஆற்றுக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் வைத்து ஓடினார்கள். மேடம் ஓய்வு பெற்று கிள்ளானில் மகளோடு தங்கினார். நானும் ஓய்வு பெற்று, வார இறுதியில் அக்கா கடையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பானைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சங்கு ஊதியது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலைக்குள் மட்டும் கறுத்திருந்தது. ஆற்றில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முணுமுணுத்தபடி ஏறத் தொடங்கினார்கள். புதிதாக வந்தவர்களும் மற்றவர்கள் போவதைப் பார்த்துப் பின்னால் வந்தார்கள். "நாளு மாறி ஊதறாங்களே, தே தாரேயாச்சும் போடுவாங்க லா," என்று நுரை பொங்க ஆற்றிய தேநீர் ஆசையில் ஒருவர் தொப்பையைத் தடவிக்கொண்டு வந்தார். கடைசி ஆள் மேட்டைத் தொட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று பயந்து சொல்லும் அந்தத் தலைவெள்ளம், கலங்கிய நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. அணை நிரம்பிச் சுவருக்கு மேல் வழிந்துவிடாமல் இருக்க, பணியில் இருந்தவர் சங்கை ஊதிவிட்டு மதகைத் திறந்திருக்கிறார். பழைய கடையின் சிமெண்டுத் தரை மூழ்கியது. ஐஸ் பெட்டிகள், பாய்கள், செருப்புகள் எல்லாம் போயின. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, "ஆன்டி, சோறு எங்க?" என்று கேட்டாள். அக்கா அரிசியை அள்ளினாள்.

சாயங்காலம் மேடத்துக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். மதகு, சுவர், மிஷின் என்று வரிசையாகக் கேட்பார், எதற்காவது திட்டும் விழும் என்று எதிர்பார்த்தேன். ஆனால், அவர் குரலா என்று சந்தேகப்படும்படி மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாங்களா, அண்ணே?"

"ஒருத்தர் விடாம சாப்பிட்டாங்க, மேடம்," என்றேன். "அக்கா இன்னொரு பானை வடிச்சிக்கிட்டு இருக்கா."